தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள்

மகளிர் சுய உதவிக் குழு என்பது ஒரே தெருவில் அல்லது ஒரே சிற்றூரில் வாழும், ஏறத்தாழ ஒத்த பொருளாதார நிலையில் உள்ள 12 முதல் 20 வரையான பெண்கள் தாமாகவே ஒன்றுகூடி அமைத்துக்கொள்ளும் சேமிப்பு மற்றும் கடன் அமைப்பு ஆகும். உறுப்பினர்கள் ஒவ்வொரு வாரமும் அல்லது மாதமும் ஒரு சிறு தொகையைச் சேமிக்கின்றனர். அச்சேமிப்பிலிருந்து தேவைப்படுவோருக்குக் குறைந்த வட்டியில் கடன் வழங்கப்படுகின்றது. குழு ஓரளவு நிலைபெற்ற பின்னர், அதன் பெயரில் வங்கியிடமிருந்து பிணையின்றிக் கடன் பெறப்படுகின்றது.

தமிழ்நாட்டில் இக்குழுக்கள் 1989ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டத்தில் அரசின் திட்டமாகத் தொடங்கப்பட்டு, பின்னர் மாநிலம் முழுவதும் பரவின. வறுமை ஒழிப்பில் இவற்றின் பங்கு பெரிதும் பேசப்பட்டுள்ளது. ஆயினும் கடன் மட்டுமே ஒரு குடும்பத்தை வறுமையிலிருந்து மீட்டுவிடுவதில்லை என்பதைப் பிற்கால அனுபவங்களும் ஆய்வுகளும் காட்டியுள்ளன. சேமிப்பு, குறைந்த வட்டி, பயிற்சி, கூட்டுச் செயற்பாடு, அரசின் அடிப்படைச் சேவைகள் ஆகியவற்றோடு இணைந்த கடனே நிலையான பயனைத் தருகின்றது. இவை இல்லாத இடத்தில் அதே கடன் புதிய சுமையாக மாறக்கூடும்.

பின்னணி

ஏழைக் குடும்பங்களின் வருமானம் குறைவானது மட்டுமன்று, ஒழுங்கற்றதும் ஆகும். கூலி வேலை சில நாட்கள் கிடைக்கும், சில நாட்கள் கிடைக்காது. மழைக்காலத்தில் கட்டட வேலை நின்றுவிடும். ஆனால் வாடகை, பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு ஆகியன குறித்த நாளில் வந்துவிடுகின்றன. வரவுக்கும் செலவுக்கும் இடையிலுள்ள இந்தக் கால இடைவெளியைக் கடனே நிரப்புகின்றது.

வங்கிகள் மிகச் சிறிய கடன்களை வழங்கத் தயங்குவதற்குச் சில காரணங்கள் உள்ளன. 5,000 ரூபாய்க் கடனுக்கும் 5 இலட்சம் ரூபாய்க் கடனுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு எழுத்து வேலை தேவைப்படுகின்றது. ஏழைகளிடம் அடகு வைக்க நிலமோ வீட்டுப் பத்திரமோ இருப்பதில்லை. வாடகை வீட்டில் வாழ்வோரிடம் முகவரிச் சான்றும் பெரும்பாலும் இருப்பதில்லை. எனவே அவர்கள் நகை அடகுக் கடை, சீட்டு, தண்டல், கந்துவட்டி போன்றவற்றை நாட வேண்டியுள்ளது.

தண்டல் என்பது சென்னையிலும் அதன் புறநகர்களிலும் சிறு வணிகர்களிடையே பரவலாக உள்ள நாள்வசூல் கடன் முறை ஆகும். இதில் வட்டி முன்னதாகவே பிடித்தம் செய்யப்படும். எடுத்துக்காட்டாக, 10,000 ரூபாய்க் கடனுக்கு 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு 9,000 ரூபாய் கொடுக்கப்படும். கடன் பெற்றவர் நாளொன்றுக்கு 100 ரூபாயாக 100 நாட்களில் 10,000 ரூபாயைச் செலுத்த வேண்டும். கேட்பதற்கு இது பத்து விழுக்காடு வட்டி போலத் தோன்றும். ஆனால் அசல் ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கிட்டால், ஆண்டு வட்டி 75 விழுக்காட்டுக்கும் மேலாகின்றது.

கடும் வட்டி வாங்குவதைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2003ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, மணி நேர வட்டி, தண்டல் ஆகியன அச்சட்டத்தில் பெயர் சுட்டிக் குறிக்கப்பட்டுள்ளன. எனினும் மாற்றுக் கடன் வழி இல்லாத இடத்தில் சட்டத்தால் மட்டும் இம்முறையை ஒழிக்க இயலவில்லை. அம்மாற்று வழியாகவே சுய உதவிக் குழுக்கள் உருவாயின.

வரலாறு

முன்னோடிகள்

இந்தியாவில் ஏழைப் பெண்களுக்கான நிதியமைப்புகளுள் முன்னோடியாகக் கருதப்படுவது, இலா பட் அவர்களின் முயற்சியால் 1974இல் அகமதாபாத்தில் தொடங்கப்பட்ட சேவா கூட்டுறவு வங்கி ஆகும். சுயதொழில் செய்யும் பெண்களே அதன் பங்குதாரர்களாகவும் வாடிக்கையாளர்களாகவும் இருந்தனர்.

தமிழ்நாட்டில் 1978இல் ஜெயா அருணாசலம் சென்னையில் உழைக்கும் பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். காய்கறி, பூ, மீன் முதலியவற்றைத் தெருவில் விற்கும் பெண்களைச் சிறு குழுக்களாக இணைத்து, அவர்களுக்கு அரசுடைமை வங்கிகளிடமிருந்து கடன் பெற்றுத் தருவது அதன் தொடக்கப் பணியாக இருந்தது. வறியோருக்கு 4 விழுக்காடு வட்டியில் வங்கிகள் கடன் வழங்கும் திட்டம் 1972 முதல் நடைமுறையில் இருந்தும், அத்திட்டத்தின் பயன் தெரு வணிகர்களைச் சென்றடையவில்லை. குழுவில் உள்ளோர் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்ற பின்னரே வங்கிகள் முன்வந்தன. பின்னர் இவ்வமைப்பு தனக்கெனக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றையும் ஏற்படுத்திக்கொண்டது. ஜெயா அருணாசலத்திற்கு 1987இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

ஏறத்தாழ இதே காலத்தில், 1976இல் வங்காளதேசத்தின் சிட்டகாங் பல்கலைக்கழகத்தை அடுத்துள்ள ஜோப்ரா என்னும் ஊரில் பேராசிரியர் முகம்மது யூனுசு தம் சொந்தப் பணத்திலிருந்து 42 பேருக்குச் சிறு கடன் வழங்கினார். இம்முயற்சி 1983இல் கிராமின் வங்கியாக வளர்ந்தது. 2006ஆம் ஆண்டுக்கான அமைதி நோபல் பரிசு யூனுசுக்கும் கிராமின் வங்கிக்கும் இணைந்து வழங்கப்பட்டது. இதன் பின்னர் நுண்கடன் என்னும் சொல் உலகெங்கும் அறியப்பட்டது.

தருமபுரி முதல் மகளிர் திட்டம் வரை

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983இல் நிறுவப்பட்டது. 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் இந்நிறுவனம் தருமபுரி மாவட்டத்தில் சுய உதவிக் குழுக்களை அமைத்தது. மழை குறைந்த, வேலைவாய்ப்புக் குறைந்த மாவட்டமாக அக்காலத்தில் தருமபுரி விளங்கியது. அங்கு கிடைத்த அனுபவத்தைக் கொண்டு சேலம், தென்னார்க்காடு, மதுரை, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்களுக்குத் திட்டம் விரிவுபடுத்தப்பட்டது.

1992இல் தேசிய வேளாண்மை மற்றும் ஊரக வளர்ச்சி வங்கி (நபார்டு), 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோட்டத் திட்டத்தை நாடளவில் தொடங்கியது. பதிவு செய்யப்படாத ஒரு குழுவின் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கவும் கடன் பெறவும் இதன்வழி வாய்ப்பு ஏற்பட்டது. இன்று இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குழுக்கள் வங்கிகளில் சேமிப்புக் கணக்கு வைத்துள்ளன.

1997-98இல் தமிழ்நாடு அரசு மகளிர் திட்டம் என்ற பெயரில் தன் சொந்த நிதியில் இப்பணியைத் தொடர்ந்து, படிப்படியாக எல்லா மாவட்டங்களுக்கும் கொண்டுசென்றது. குழுக்களை உருவாக்குவதிலும் பயிற்சி அளிப்பதிலும் தொண்டு நிறுவனங்கள் பங்காற்றின. 2005இல் உலக வங்கியின் உதவியுடன் புது வாழ்வுத் திட்டம் தொடங்கப்பட்டது. ஓர் ஊரில் யார் மிக வறியவர் என்பதை அவ்வூர் மக்களே கூடி முடிவு செய்யும் 'மக்கள் நிலை ஆய்வு' இத்திட்டத்தின் சிறப்புக் கூறாகும்.

நடுவண் அரசின் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் 2011இல் தொடங்கப்பட்டது. அதன் மாநிலப் பிரிவு ஊரகப் பகுதிகளில் செயற்படுகின்றது. நகரங்களில் 1997 முதல் பொன்விழா நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டமும், 2013 முதல் அதற்கு மாற்றாக வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கமும் குழுக்களுக்கு ஆதரவளித்தன.

அமைப்பும் செயற்பாடும்

குழுவின் உறுப்பினர்கள் பொதுவாக 18 முதல் 60 வயதுக்கு உட்பட்டவர்கள். ஒரு குடும்பத்திலிருந்து ஒருவர் மட்டுமே சேரலாம். குழு தனக்கென ஒரு பெயரைச் சூட்டிக்கொள்கின்றது. உறுப்பினர்களுள் ஒருவர் ஊக்குநராகவும், இருவர் பிரதிநிதிகளாகவும் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். வங்கிக் கணக்கை இவர்கள் கூட்டாக இயக்குகின்றனர். இப்பொறுப்புகள் குறிப்பிட்ட காலத்திற்கு ஒருமுறை மாற்றப்பட வேண்டும் என்பது விதி.

நல்ல குழுவுக்கு ஐந்து நெறிகள் வகுக்கப்பட்டுள்ளன. இவை பஞ்சசூத்திரம் என அழைக்கப்படுகின்றன. அவையாவன:

- ஒழுங்காகக் கூட்டம் நடத்துதல்
- ஒழுங்காகச் சேமித்தல்
- சேமிப்பை உறுப்பினர்களுக்குள் கடனாகச் சுழலவிடுதல்
- கடனைத் தவணை தவறாது திருப்பிச் செலுத்துதல்
- கணக்கேடுகளை முறையாகப் பேணுதல்

குழுவின் முதல் ஆறு மாதங்கள் முக்கியமானவை. 15 உறுப்பினர்கள் மாதம் 100 ரூபாய் வீதம் சேமித்தால், ஆறு மாதங்களில் 9,000 ரூபாயும் ஓராண்டில் 18,000 ரூபாயும் சேரும். இத்தொகை சிறியதாயினும், கடன் கொடுப்பதையும் வசூலிப்பதையும் உறுப்பினர்கள் தங்கள் சொந்தப் பணத்தைக் கொண்டே கற்றுக்கொள்கின்றனர். ஒருவர் தவணை தவறினால் மற்றவரின் பணம் முடங்குகின்றது. எனவே யாருக்கு, எதற்காக, எவ்வளவு கொடுக்கலாம் என்பது கூட்டத்தில் வெளிப்படையாகப் பேசி முடிவு செய்யப்படுகின்றது.

ஆறு மாதங்களுக்குப் பின் குழு தர மதிப்பீடு செய்யப்படுகின்றது. கூட்ட வருகை, சேமிப்பு, கடன் திருப்பம், கணக்கேடு ஆகியவற்றுக்கு மதிப்பெண் அளிக்கப்படும். தேர்ச்சி பெற்ற குழுக்களுக்குச் சுழல் நிதி வழங்கப்பட்டது. பல ஆண்டுகள் இது 10,000 முதல் 15,000 ரூபாய் வரை இருந்தது. அதன் பின் வங்கிக் கடன் இணைப்பு நடைபெறும். குழுவின் சேமிப்பைப் போல நான்கு மடங்கு வரை கடன் வழங்குவது நபார்டு வகுத்த பொது நெறியாகும். நன்கு செயற்படும் குழுக்களுக்குப் படிப்படியாக இதைவிடக் கூடுதலாகவும் வழங்கப்படுகின்றது. 10 இலட்சம் ரூபாய் வரையிலான குழுக் கடனுக்குப் பிணை கேட்கக்கூடாது என்பது இந்திய ரிசர்வ் வங்கியின் விதி ஆகும். 2021இல் இவ்வரம்பு கடன் உத்தரவாதத்துடன் 20 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது.

ஓர் ஊராட்சியில் உள்ள குழுக்கள் இணைந்து ஊராட்சி அளவிலான கூட்டமைப்பையும், நகரங்களில் பகுதி அளவிலான கூட்டமைப்பையும் அமைக்கின்றன. நலிந்த குழுக்களுக்கு உதவுதல், கணக்குத் தணிக்கை, பெருந்தொகைக் கடன் பெற்றுத் தருதல் ஆகியன இக்கூட்டமைப்புகளின் பணிகள் ஆகும்.

வட்டிக் கணக்கு

குழுக்களின் உள்கடனுக்கு மாதம் 100 ரூபாய்க்கு 2 ரூபாய் வட்டி என்பது பரவலான வழக்கமாக இருந்தது. 10,000 ரூபாயைப் பெற்று மாதம் 1,000 ரூபாய் அசலாகப் பத்து மாதங்களில் திருப்பிச் செலுத்தும் உறுப்பினர் ஒருவர், குறையும் அசலுக்கு மொத்தம் 1,100 ரூபாய் வட்டி செலுத்துவார். முன்னர் கூறிய தண்டல் முறையில் ஏறத்தாழ அதே தொகை (1,000 ரூபாய்) வெறும் 100 நாட்களுக்கே வட்டியாகப் போய்விடுகின்றது. தண்டலை ஆண்டு முழுவதும் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் சிறு வணிகர், ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3,650 ரூபாயை வட்டியாக இழக்கின்றார். மேலும், குழுவில் செலுத்தும் வட்டி வெளியே செல்வதில்லை. அது குழுவின் பொது நிதியில் சேர்ந்து எல்லா உறுப்பினர்களுக்கும் உரியதாகின்றது.

வட்டி கணக்கிடப்படும் முறையும் கவனிக்கத்தக்கது. 10,000 ரூபாய்க்கு ஓராண்டுக்கு 12 விழுக்காடு என்னும்போது, முழு அசலுக்கும் ஆண்டு முழுவதும் வட்டி கணக்கிட்டால் 1,200 ரூபாய் வரும். இது நிலை வட்டி எனப்படும். மாதந்தோறும் அசல் குறைவதற்கேற்பக் கணக்கிட்டால் 650 ரூபாய் மட்டுமே வரும். இது குறையும் வட்டி எனப்படும். 12 விழுக்காடு நிலை வட்டி என்பது உண்மையில் ஏறத்தாழ 21 விழுக்காடு குறையும் வட்டிக்குச் சமமாகும். இவ்வேறுபாட்டை அறிந்துகொள்வது குழுப் பயிற்சியின் மிகப் பயனுள்ள பாடங்களுள் ஒன்றாகும்.

குடும்பங்களுக்குக் கிடைக்கும் பயன்கள்

குழுவில் சேரும் குடும்பங்களின் நிலை பொதுவாகக் கீழ்க்காணும் வழிகளில் மாறுகின்றது.

முதலாவது, பழைய கடன் மாற்றம். பல உறுப்பினர்கள் முதலில் பெறும் கடனைக் கொண்டு தொழில் தொடங்குவதில்லை. அடகில் உள்ள நகையை மீட்கவும் தண்டல் கடனை அடைக்கவுமே அதைப் பயன்படுத்துகின்றனர். இது வீண் செலவு எனத் தோன்றினாலும், வட்டியாக வெளியேறிக்கொண்டிருந்த தொகை வீட்டிலேயே தங்குவதால், வருமானம் கூடாமலேயே குடும்பத்தின் கையிருப்புக் கூடுகின்றது.

இரண்டாவது, அதிர்ச்சியைத் தாங்கும் ஆற்றல். திடீர் நோய், விபத்து, வேலையிழப்பு ஆகியவை ஏழைக் குடும்பங்களை ஆழ்ந்த கடனில் தள்ளுகின்றன. அவசரக் காலத்தில் குழுவிடமிருந்து சில நாட்களுக்குள் ஒரு சிறு தொகை கிடைப்பதால், தையல் இயந்திரம், தள்ளுவண்டி, கறவை மாடு போன்ற தொழிற் கருவிகளை விற்க வேண்டிய நிலை தவிர்க்கப்படுகின்றது.

மூன்றாவது, தொழில். இட்லி, தோசை மாவு விற்பனை, தையல், காய்கறிக் கடை, பால் மாடு, ஊறுகாய், அப்பளம் போன்றவை பரவலானவை. ஏற்கெனவே ஒரு சிறு தொழிலை நடத்திவரும் குடும்பத்திற்குக் கடன் விரைவில் பயன்படுகின்றது. சரக்கை மொத்த விலையில் வாங்கவும், கிரைண்டர் போன்ற இயந்திரம் வாங்கவும் இயலுகின்றது. புதிதாகத் தொழில் தொடங்குவோருக்குப் பயிற்சியும் விற்பனை வாய்ப்பும் இன்றியமையாதவை.

நான்காவது, பெண்களின் நிலை. வங்கிக்குச் செல்லுதல், படிவம் நிரப்புதல், அலுவலர்களிடம் பேசுதல் ஆகியவற்றைப் பல பெண்கள் குழுவின் வழியாகவே முதன்முதலில் செய்தனர். கையெழுத்திடக் கற்றுக்கொள்வது பல குழுக்களில் முதற்பணியாக இருந்தது. 1996 முதல் தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இட ஒதுக்கீட்டுடன் தேர்தல்கள் நடைபெற்றதும், குழுக்களில் பழகிய பெண்கள் பொதுவாழ்வுக்கு வரத் துணைசெய்தது.

சமுதாய வளர்ச்சிப் பணிகள்

கடனுக்கு அப்பால் குழுக்கள் பொதுப்பணிகளிலும் ஈடுபடுகின்றன. குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, நியாயவிலைக் கடை போன்றவை குறித்து ஊராட்சியிடமும் நகராட்சியிடமும் கூட்டாக மனு அளிப்பது வழக்கமாகும். தனி ஒருவரின் வேண்டுகோளைக் காட்டிலும் இருபது பேரின் கையெழுத்துக்குக் கூடுதல் கவனம் கிடைக்கின்றது.

அரசும் தன் திட்டங்கள் பலவற்றைக் குழுக்களின் வழியாக நடத்துகின்றது. 2013இல் சென்னை மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகங்களில் சுய உதவிக் குழுப் பெண்களே சமைத்தும் பரிமாறியும் வந்தனர். 2020இல் கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில் குழுக்கள் முகக்கவசம் தைத்து வழங்கின. 2022 செப்டம்பரில் தொடங்கி 2023 ஆகத்தில் விரிவுபடுத்தப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்திலும் குழுப் பெண்கள் சமையற் பணியில் ஈடுபடுத்தப்பட்டனர். குழுக்களின் உற்பத்திப் பொருட்களை விற்பதற்குப் பூமாலை வணிக வளாகங்களும், சென்னை நுங்கம்பாக்கத்தில் அன்னை தெரசா மகளிர் வளாகமும் ஏற்படுத்தப்பட்டன.

ஆவடியும் சென்னையின் மேற்குப் புறநகரும்

வறுமை ஒழிப்பு குறித்த இந்தியாவின் அரசியல் வரலாற்றில் ஆவடிக்குத் தனி இடம் உண்டு. 1955 சனவரியில் இங்கு யு. என். தேபர் தலைமையில் நடைபெற்ற இந்திய தேசிய காங்கிரசு மாநாட்டில், சமதர்ம பாணிச் சமுதாயம் அமைப்பது நாட்டின் குறிக்கோள் என்னும் தீர்மானம் நிறைவேற்றப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் பொதுத்துறைத் தொழில்களுக்கு முதன்மை அளிக்கப்பட்டது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், படைத்துறை உடைத் தொழிற்சாலையும் அமைந்தன. அருகிலுள்ள அம்பத்தூரில் 1960களில் அரசின் தொழிற்பேட்டை உருவாக்கப்பட்டது.

இத்தொழிற்சாலைகளில் நிரந்தரப் பணி பெற்றோருக்கு மாத ஊதியமும் ஓய்வூதியமும் கிடைத்தன. ஊதியச் சான்றைக் காட்டி அவர்களால் கூட்டுறவுச் சங்கத்திலும் வங்கியிலும் கடன் பெற முடிந்தது. ஆனால் அதே தெருக்களில் வாழும் சிற்றுண்டிக் கடை நடத்துவோர், வீட்டு வேலை செய்வோர், கட்டடத் தொழிலாளர், ஒப்பந்தத் தொழிலாளர் ஆகியோருக்கு இவ்வசதி இல்லை. தொழில் வளர்ச்சி மிக்க பகுதியிலும் சுய உதவிக் குழுக்களுக்குத் தேவை ஏற்பட்டதற்கு இதுவே அடிப்படை ஆகும்.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஆவடி நகராட்சியின் மக்கள்தொகை 3,45,996 ஆகும். 2019இல் ஆவடி மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. ஆவடி, பூந்தமல்லி ஆகிய நகரப் பகுதிகளில் நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டமும், அவற்றைச் சூழ்ந்த வில்லிவாக்கம், பூந்தமல்லி ஊராட்சி ஒன்றியங்களின் சிற்றூர்களில் ஊரக வாழ்வாதாரத் திட்டமும் எனச் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் இருவேறு நிருவாக ஏற்பாடுகள் அமைந்தன. நகரம் விரியும்போது ஊரகக் குழுக்கள் நகர்ப்புற விதிகளுக்கு மாற வேண்டியுள்ளது.

புறநகர்க் குழுக்கள் எதிர்கொள்ளும் இடர்கள் சிற்றூர்க் குழுக்களின் இடர்களிலிருந்து வேறுபட்டவை. உறுப்பினர்கள் பெரும்பாலும் வாடகை வீட்டில் வாழ்வதால், வாடகை உயரும்போது வேறு பகுதிக்குக் குடிபெயர்கின்றனர். இதனால் குழு குலைகின்றது. ஆலைப் பணிக்குச் செல்லும் பெண்களுக்கு மாறும் பணிநேரம் காரணமாகக் கூட்டத்திற்கு வருவது கடினம். மறுபுறம், தொடர்வண்டி வசதியும், சந்தையும், தொழிற்சாலைகளும் அருகில் இருப்பதால் விற்பனை வாய்ப்பு மிகுதியாகும்.

ஆவடியில் நரிக்குறவர் குடியிருப்பு ஒன்றும் உள்ளது. பாசிமணி கோத்து விற்பது இவர்களின் தொழில்களுள் ஒன்று. சாதிச் சான்று, முகவரிச் சான்று போன்ற ஆவணங்கள் இல்லாமையால் கல்வியிலும் கடனிலும் பின்தங்கிய சமூகம் இது. 2022 ஏப்ரலில் அப்போதைய முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் இக்குடியிருப்புக்குச் சென்று நலத்திட்ட உதவிகளை வழங்கினார். 2023 சனவரியில் நரிக்குறவர் சமூகம் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கடன் பெறும் வாய்ப்புக்கு முன்னர் குடிமைச் சான்று தேவை என்பதற்கு இச்சமூகத்தின் நிலை ஓர் எடுத்துக்காட்டாகும்.

தெரு வணிகர்களுக்கென நடுவண் அரசு 2020இல் தனிக் கடன் திட்டம் ஒன்றை அறிமுகப்படுத்தியது. பிணையின்றி முதலில் 10,000 ரூபாயும், அதை முறையாகத் திருப்பிச் செலுத்தினால் 20,000, பின்னர் 50,000 ரூபாயும் வழங்கப்பட்டன. 2025இல் முதல் இரு தவணைகள் முறையே 15,000, 25,000 ரூபாயாக உயர்த்தப்பட்டன.

தனியார் நுண்நிதி நிறுவனங்களும் கடன் நெருக்கடியும்

2000களின் நடுப்பகுதியிலிருந்து தனியார் நுண்நிதி நிறுவனங்கள் விரைந்து வளர்ந்தன. இவையும் பெண்களைக் குழுவாகச் சேர்த்தே கடன் வழங்குகின்றன. ஆயினும் சுய உதவிக் குழுவுக்கும் இவற்றின் குழுவுக்கும் அடிப்படை வேறுபாடு உண்டு. முன்னதில் சேமிப்பு முதலில் வருகின்றது. கடனைப் பற்றிய முடிவு உறுப்பினர்களுடையது. பின்னதில் கடன் முதலில் வருகின்றது. குழு வசூலுக்கான உத்தரவாதமாக மட்டும் பயன்படுகின்றது.

ஆந்திரப் பிரதேசத்தில் ஒரே குடும்பத்திற்குப் பல நிறுவனங்கள் போட்டியிட்டுக் கடன் வழங்கின. ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன் வாங்கும் நிலை ஏற்பட்டது. வசூல் நெருக்கடியால் கடன் பெற்றோர் சிலர் தற்கொலை செய்துகொண்டதாகச் செய்திகள் வெளிவந்ததை அடுத்து, 2010 அக்டோபரில் அம்மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. இதனை ஆராய ரிசர்வ் வங்கி அமைத்த மாலேகம் குழு 2011 சனவரியில் அறிக்கை அளித்தது. அவ்வாண்டின் இறுதியில் நுண்நிதி நிறுவனங்களுக்கெனத் தனி விதிகள் வகுக்கப்பட்டன.

2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளின்படி, ஆண்டு வருமானம் 3 இலட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்திற்குப் பிணையின்றி வழங்கப்படும் கடன் நுண்கடன் எனப்படும். அக்குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்காகத் தொடர்புகொள்வது தவறான நடைமுறையாகக் குறிக்கப்பட்டுள்ளது. 2025இல் கடன் நிறுவனங்கள் வலுக்கட்டாயமாக வசூலிப்பதைத் தடுப்பதற்கான சட்ட முன்வரைவு தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேற்றப்பட்டது.

இலங்கையிலும் இதையொத்த நிலை ஏற்பட்டது. 2009இல் போர் முடிவடைந்த பின்னர் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நுண்நிதி நிறுவனங்கள் பெருகின. வாழ்வாதாரம் அழிந்திருந்த நிலையில், குடும்பத் தலைமை ஏற்ற பெண்கள் பலர் உயர் வட்டிக் கடனில் சிக்கினர். 2018இல் இலங்கை அரசு வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற சிறு கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அறிவித்தது.

ஆய்வு முடிவுகள்

அபிசித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் ஐதராபாத்தின் 104 குடியிருப்புப் பகுதிகளில் நுண்கடனின் விளைவை ஆராய்ந்தனர். அவற்றுள் பாதிப் பகுதிகளில் மட்டும் முதலில் நுண்கடன் கிளைகள் திறக்கப்பட்டன. அப்பகுதிகளில் தொழில் முதலீடு கூடியது. ஏற்கெனவே இருந்த தொழில்களுள் சிலவற்றின் வருவாய் உயர்ந்தது. ஆனால் குடும்பங்களின் மொத்த நுகர்வு, உடல்நலம், கல்வி, பெண்களின் முடிவெடுக்கும் உரிமை ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. 2015இல் வெளியான இவ்வாய்வோடு வேறு ஐந்து நாடுகளின் ஆய்வுகளும் வெளியாயின. அவையும் நுண்கடனின் பயன் மிதமானது என்ற முடிவையே தந்தன. இவை தனியார் நிறுவனக் கடனைப் பற்றியவை என்பதும், சேமிப்பை அடிப்படையாகக் கொண்ட குழுக்களுக்கு அப்படியே பொருந்தா என்பதும் கருத்திற் கொள்ளத்தக்கன.

மிக வறிய குடும்பங்களுக்குக் கடனைக் காட்டிலும் வேறு அணுகுமுறை பயன் தருவதாக அறியப்பட்டுள்ளது. வங்காளதேசத்தின் பிராக் நிறுவனம் 2002இல் தொடங்கிய திட்டத்தில், கடனுக்குப் பதிலாக ஆடு, மாடு போன்ற ஒரு சொத்து இலவசமாக வழங்கப்பட்டது. அதனுடன் சில மாத உணவுச் செலவு, பயிற்சி, சேமிப்புக் கணக்கு, வாரந்தோறும் நேரடி வழிகாட்டல் ஆகியனவும் அளிக்கப்பட்டன. இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளில் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வு, திட்டம் முடிந்து ஓராண்டு கழிந்த பின்னும் இக்குடும்பங்களின் நுகர்வும் சொத்தும் உயர்ந்தே இருந்ததைக் காட்டியது.

நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீட்டின்படி, தமிழ்நாட்டில் வறியோரின் பங்கு 2015-16இல் 4.76 விழுக்காட்டிலிருந்து 2019-21இல் 2.20 விழுக்காடாகக் குறைந்தது. பொது வழங்கல் முறை, சத்துணவுத் திட்டம், அரசு மருத்துவமனைகள், பெண் கல்வி, தொழில் வளர்ச்சி ஆகியவற்றின் பங்கு இதில் பெரிது. சுய உதவிக் குழுக்களின் பங்கை இவற்றிலிருந்து தனியே பிரித்து அளவிடுவது கடினம்.

விமர்சனங்கள்

- மிக வறியோர் விடுபடல்: மாதச் சேமிப்பைக் கூடச் செலுத்த இயலாதோரைக் குழுக்கள் சேர்த்துக்கொள்ளத் தயங்குகின்றன. முதியோர், மாற்றுத்திறனாளிகள், புலம்பெயர் தொழிலாளர் ஆகியோர் பெரும்பாலும் விடுபடுகின்றனர்.
- கடன் பெண் பெயரில், பயன் பிறருக்கு: பெண்ணின் பெயரில் பெறப்படும் கடனைக் குடும்பத்து ஆண்கள் செலவிட, திருப்பிச் செலுத்தும் பொறுப்பு மட்டும் பெண்ணுடையதாக எஞ்சும் நிலை சுட்டிக்காட்டப்படுகின்றது.
- குழு அழுத்தம்: ஒருவர் தவணை தவறினால் மற்றவர்கள் செலுத்த வேண்டியிருப்பதால், நோயுற்ற அல்லது வேலையிழந்த உறுப்பினர் அண்டை வீட்டாரின் அவமதிப்புக்கு உள்ளாக நேரிடுகின்றது.
- ஒரே தொழில் பெருகுதல்: ஒரே தெருவில் பலர் மாவு விற்பனையோ தையலோ தொடங்கினால், எல்லோருடைய வருவாயும் குறைகின்றது.
- அரசியல் சார்பு: கூட்டங்களுக்கு ஆள் சேர்க்கவும் தேர்தல் பணிக்கும் குழுக்கள் பயன்படுத்தப்படுவதாகக் குற்றச்சாட்டு உண்டு.
- கடன் தள்ளுபடி: 2021இல் கூட்டுறவு நிறுவனங்களில் குழுக்கள் பெற்றிருந்த 2,756 கோடி ரூபாய்க் கடன் தள்ளுபடி செய்யப்படுமெனத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. பெருந்தொற்றால் வருமானம் இழந்த குடும்பங்களுக்கு இது துணையாக அமைந்தது என்பது ஒரு கருத்து. தவணை தவறாது செலுத்தும் பழக்கத்தை இது குலைக்கும் என்பது எதிர்க்கருத்து.

இக்குறைகளுள் பல, குழுக்களின் எண்ணிக்கையையும் கடன் தொகையையும் மட்டுமே இலக்காகக் கொள்வதால் எழுவன என்று கருதப்படுகின்றது. கூட்டம் ஒழுங்காக நடைபெறுகின்றதா, கணக்கேட்டை எல்லா உறுப்பினர்களும் அறிகின்றனரா, தண்டல் கடன் குறைந்துள்ளதா என்பன எளிதில் எண்ணிக் காட்ட இயலாதவை. எனினும் ஒரு குழுவினால் அதன் உறுப்பினர்கள் வறுமையிலிருந்து மீள்கின்றனரா என்பதை அறிய இவையே தக்க அளவுகோல்களாகும்.